இந்தக் காபிப் பருவத்தில் கைகொடுத்த உங்கள் எல்லாருக்கும்

ஏற்காடு,
மார்ச் 2025

அன்புள்ள அக்காக்களே, அண்ணன்களே, நாகலூர்ப் பக்கத்துப் பெரியவர்களே, சேலத்தில் இருந்தபடியே எனக்காக ஓடியாடிய நண்பர்களே,

வணக்கம். கடைசி மூட்டை பார்ச்மென்ட்டும் (மெல்லிய மேல்தோலோடு காயவைத்த காபிக் கொட்டை) போன வாரம் மலையிறங்கிவிட்டது. கணக்கு முடிந்தது, யாருக்கும் கூலி பாக்கி இல்லை, களத்தையும் தொட்டியையும் கழுவிக் காயவைத்தாயிற்று. பருவம் நடந்துகொண்டிருந்தபோது உங்களில் பலரிடம் நின்று ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது சொல்கிறேன். தனித்தனியாக வீடு தேடி வந்து சொல்வேன், அது வேறு. ஆனால் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று மனசு சொல்கிறது. அதனால் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் முறை சொல்லியே எழுதுகிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

அப்பா விழுந்தது அக்டோபர் கடைசியில். மிளகுக்கொடி பார்க்க ஏணியில் ஏறியவர் சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. சேலம் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. ராத்திரி முழுக்க வார்டில் நடந்துகொண்டே இருந்த செவிலியர் அக்காக்களுக்கும், அப்பாவிடம் பொறுமையாக உட்கார்ந்து பேசிய இளம் டாக்டருக்கும் என் முதல் நன்றி. "நவம்பர்ல காபி எடுக்கணும் சார், என்னை அனுப்பிடுங்க" என்று அப்பா கெஞ்சியபோது அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "உங்க பொண்ணு எடுக்கட்டும், நீங்க போன்ல சொல்லிக்கொடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அப்பா அடங்கினார். எனக்கும் அதுதான் உத்தரவு மாதிரி ஆகிவிட்டது.

நான் சேலத்தில் ஒரு நூல் மில்லில் கணக்கு பார்க்கிறவள். மூன்று ஏக்கர் காபியும் அதன் நடுவே மிளகும் சில்வர் ஓக் மரமும் எங்கள் வீட்டில் இருப்பது தெரியும். பள்ளிக்கூட நாளில் பழம் பொறுக்கியிருக்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த காபி.

தினமும் காலையில் காபி குடித்துவிட்டு வேலைக்குப் போகிற சேலத்து நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் செய்த உதவியின் அருமை உங்களுக்கும் புரியும். எங்கள் மலையில் அரபிகா வகைக் காபி நவம்பரில் பழுக்கத் தொடங்கும், ஜனவரி தாண்டியும் போகும். எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். சிவந்ததை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். அதனால் அதே செடிக்கு இடைவெளி விட்டு மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்பப் போக வேண்டும். பறித்த பழத்தை அன்று ராத்திரிக்குள் பல்பரில் விட்டுத் தோல் உரித்தாக வேண்டும். சாக்கிலேயே கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும், அந்தக் கெட்ட வாடை டம்ளர் வரைக்கும் வரும். உரித்த கொட்டையைச் சுற்றி ஒரு வழவழப்பு ஒட்டியிருக்கும். தொட்டியில் புளிக்கவிட்டால்தான் அது கழன்று வரும். நம் மலைக் குளிருக்கு 24 மணி நேரத்திலிருந்து 36 மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுக் கழுவினால் வழவழப்பு போகாது; விட்டுவிட்டால் கொட்டையே நாறிப்போகும். அப்புறம் கழுவி, களத்தில் பரப்பி, ஒரு வாரம் பத்து நாள் கிளறிக் கிளறிக் காயவைத்து, ஈரம் 10 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் மூட்டை கட்ட முடியும். 100 கிலோ பழம் இவ்வளவையும் கடந்து வந்தால் ஏறக்குறைய 20 கிலோ பார்ச்மென்ட் ஆகும். அந்த மேல்தோலும் போனபின் நிற்பது 16 கிலோ கொட்டை.

இதில் எந்த இடத்திலும் "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்ல முடியாது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வேலை வந்தால் அந்தப் பதினோரு மணிக்கு ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும். எனக்கு அப்படி வந்து நின்றவர்கள் நீங்கள்.

பழம் எடுத்த அக்காக்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். காக்பர்ன் என்ற கலெக்டர் 1820களில் இந்த மலைக்குக் காபி கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறேன். அன்றிலிருந்து இதைக் கையால் தொட்டு வளர்த்து வருவது உங்கள் ஊர்களில் இருக்கிற குடும்பங்கள். செடியைப் பார்த்த மாத்திரத்தில் உங்களுக்குத் தெரிவது எனக்கு விளக்கிச் சொன்னாலும் தெரியவில்லை. நவம்பர் நடுவில் ஓர் அக்கா பழம் எடுத்துக்கொண்டிருந்தவர், சாக்கை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நல்ல செழிப்பான செடி என்றுதான் எனக்குப் பட்டது. அவர் என் விரலைப் பிடித்துத் தண்டின் மேல் வைத்துத் தடவச் சொன்னார். பட்டைக்கு அடியில் மெல்லிய வரப்பு மாதிரி ஒன்று தண்டைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. உள்ளே வெள்ளைத் தண்டுத்துளைப்பான் புழு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அரபிகாவுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. புழு இருக்கிற செடியைப் பிடுங்கி எரிக்காவிட்டால் அதிலிருந்து வண்டு வெளியே வந்து பக்கத்துச் செடிகளில் முட்டை வைக்கும். அன்றைக்கு அந்த அக்கா தன் பழைய புடவையிலிருந்து துணி கிழித்து அந்தச் செடியில் கட்டினார். மற்ற அக்காக்களும் எங்கெங்கே வரப்பு தட்டுப்பட்டதோ அங்கெல்லாம் துணி கட்டிக்கொண்டே போனார்கள்.

அக்கா, உங்களுக்குக் கிலோவுக்குத்தான் கூலி. நின்று தடவிப் பார்த்து, துணி கிழித்துக் கட்டி, எனக்குக் கற்றுக்கொடுத்த நேரமெல்லாம் உங்கள் எடையில் குறைந்த நேரம். அது எனக்குத் தெரியும். கடைசிச் சுற்றில் கீழே உதிர்ந்த பழத்தைக்கூட விடாமல் பொறுக்கினீர்கள். காய்த்துளைப்பான் என்ற பூச்சி அடுத்த பருவம் வரை உதிர்ந்த பழத்தில்தான் தங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே பொறுக்கினீர்கள். அது உங்கள் தோட்டமில்லை. ஆனாலும் செய்தீர்கள். மத்தியானமும் ஒரு தடவை எடை போட்டால் மேட்டில் சாக்கைச் சுமப்பது குறையும் என்று நீங்கள் சொல்லித்தான் அப்படி மாற்றினோம். இனி எல்லாப் பருவத்திலும் அப்படியேதான்.

மேஸ்திரி அண்ணன் ஒவ்வொரு நாளும் விடியுமுன் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுவார். காட்டுமாடு படுத்திருந்தால் அது எழுந்து போகிறவரை பொறுமையாக நிற்பார், எங்களையும் நிறுத்துவார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லாமல் பருவம் முடிந்ததற்கு அவர்தான் காரணம். பல்பரின் இடைவெளியைச் சரிபார்த்துக் கொடுத்த மெக்கானிக் அண்ணனுக்கும் நன்றி. அது கொஞ்சம் நெருங்கினாலும் கொட்டை நசுங்கும், கொஞ்சம் விலகினாலும் பழம் அப்படியே வெளியே வரும். குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அங்கன்வாடி டீச்சருக்கும் நன்றி.

மேட்டு வீட்டு ஆயாவைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புளித்தது போதுமா என்று கண்டுபிடிக்கக் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் கூடினால் நேரமும் கூடும், வெயிலடித்த நாளில் குறையும், எனக்குக் கணக்கே பிடிபடவில்லை. அப்பா போனில் "கையை விட்டுப் பாரு" என்பார். கையை விட்டால் எனக்கு எல்லாம் ஒன்றாகவே இருந்தது. ஆயா ஒருநாள் ராத்திரி டார்ச்சுடன் இறங்கி வந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டார். ஒரு பிடி அள்ளி, தண்ணீரில் அலசி, என் உள்ளங்கையில் வைத்து, தன் கையால் என் கையை மூடி அழுத்தித் தேய்த்தார். வழுக்கியது. "இது இன்னும் ஆகல. இந்த வழுக்கல ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகாமல் பல்பர் கொட்டகையிலேயே சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்சம் நேரம் கழித்து மறுபடி. அதற்குப் பிறகு மறுபடி. கடைசித் தடவை தேய்த்தபோது உள்ளங்கையில் கரகரவென்று சத்தம் வந்தது, பொடிக்கல்லைக் கையில் வைத்துத் தேய்த்த மாதிரி. "இப்போ கழுவு" என்றார். ராத்திரி இரண்டு மணி இருக்கும். அவரும் கூட நின்று கழுவினார்.

ஆயா, அந்த ராத்திரி நீங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போயிருந்தால் எனக்கு அது வந்திருக்காது. என் கையைப் பிடித்துச் சொன்னதால் வந்தது. ஜனவரியில் நான் தனியாகவே தொட்டிக்குள் கையை விட்டு "ஆச்சு" என்று சொன்னபோது நீங்கள் வந்து பார்த்துத் தலையாட்டினீர்கள். இத்தனை வருடம் படித்ததிலும் வேலை பார்த்ததிலும் யாருடைய பாராட்டும் எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

இனி அந்தப் புயல்.

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது நவம்பர் 30-ம் தேதி ராத்திரி. கடலோரப் புயல்தானே என்று இங்கே யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. மழை வருகிறது என்ற செய்தி வந்ததுமே அக்காக்கள் வழக்கத்தைவிட அதிகமான பேர் வந்து, சிவந்த பழத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவும் எடுத்துக் கொடுத்தார்கள். நிறைய மழை குடித்தால் பழுத்த பழம் வெடிக்கும், உதிரும். அதனால் அந்த ஓட்டம். சனிக்கிழமை சாயங்காலம் கொட்டகை நிறையச் சாக்கு. அப்போதுதான் கரண்ட் போனது. பல்பர் நின்றுவிட்டது. களத்தில் பாதி காய்ந்த பார்ச்மென்ட் வேறு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் கொட்டகையில் கையால் சுற்றுகிற பழைய பல்பர் ஒன்று இருந்தது. கேட்டேனோ இல்லையோ, அவர் வீட்டுத் தம்பிகள் இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு கொட்டும் மழையில் சேற்றில் இறங்கி வந்துவிட்டார்கள். சக்கரத்தை ஒருவர் சுற்ற, ஒருவர் பழம் போட, ஒருவர் தண்ணீர் ஊற்ற, மாற்றி மாற்றி ராத்திரி முழுக்க ஓடியது. மேஸ்திரி அண்ணனின் மனைவி அடுப்பு மூட்டிக் கருப்பட்டிக் காபியும் ராகிக் களியும் கொடுத்துக்கொண்டே இருந்தார். விடியும்போது ஒரு சாக்குப் பழம்கூட மிச்சமில்லை.

ஞாயிறும் திங்களும் மலையில் கொட்டித் தீர்த்தது. மலைப்பாதையில் மண் சரிந்து, பாறை உருண்டு, போக்குவரத்து நின்றுபோனது. வெயில் என்பதே இல்லை. கழுவிய கொட்டையை என்ன செய்வதென்று காபி வாரிய அலுவலர் ஒருவரைப் போனில் பிடித்தேன். அன்று விடுமுறை நாள். அவருடைய வீட்டிலும் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் குறைவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சுத்தமான தண்ணீரில் மூழ்க வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் ஓரிரு நாள் தாங்கும் என்று பதறாமல் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் அவரே கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். சார், அதற்குத் தனியாக ஒரு நன்றி.

பாதி காய்ந்த பார்ச்மென்ட்டுக்கு அந்த வழி ஆகாது. பூசணம் பிடிப்பதற்குள் கூரைக்குக் கீழே மெல்லிசாகப் பரப்பியாக வேண்டும். எங்கள் வீட்டில் இடம் போதவில்லை. கீழ்வீட்டு அண்ணன் புதுசாகக் கட்டியிருக்கிற வீட்டுக்குத் தை மாதம் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். இன்னும் பால் காய்ச்சாத வீடு. அண்ணிதான் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். "காபியும் லட்சுமிதான், முதல்ல அது போகட்டும்" என்றார். புதுத் தரையில் ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு போக எனக்குக் கால் வரவில்லை. அண்ணியே ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். ஹாலிலும் இரண்டு அறையிலும் பரப்பி, அவருடைய பிள்ளைகள் மரக்கரண்டியால் மணிக்கு ஒருதரம் கிளறினார்கள். அந்த மூட்டைகளில் பூசணம் தட்டவில்லை. அண்ணி, உங்கள் வீட்டில் எப்போதும் குறைவில்லாமல் நிறைந்திருக்கட்டும்.

மழை ஓய்ந்தபின் ராப்பகலாகப் பாறையும் மண்ணும் அகற்றிய நெடுஞ்சாலைத் துறைத் தொழிலாளர்களுக்கும், ஜேசிபி ஓட்டிய தம்பிகளுக்கும் இந்த மலையே நன்றி சொல்ல வேண்டும். நான் என் பங்குக்குச் சொல்கிறேன். அப்பா அப்போது சேலம் அஸ்தம்பட்டியில் என் அக்கா வீட்டில் இருந்தார். என்னால் இறங்க முடியாத நாளெல்லாம் அவருடைய மருந்து, கட்டு, தூக்கம் எல்லாம் அக்காவும் மாமாவும் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவிடம் புயலின் முழுக் கதையையும் சொல்லாமல் சமாளித்ததும் அக்காதான்.

மில்லில் என்னோடு வேலை பார்க்கிற தோழிக்கு வருகிறேன். கணக்கு வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், மாதா மாதம் 11-ம் தேதி ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன், 20-ம் தேதி இன்னொன்று. புயல் வந்துபோன அந்த டிசம்பரிலும் இரண்டும் வந்தன. என் பங்கு வேலையையும் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டு, நான் ராத்திரியில் அனுப்பிய அரைகுறைக் கணக்கைச் சரிபார்த்து, தேதி தவறாமல் முடித்துக் கொடுத்தாள். நான் விடுப்பு கேட்டபோது முதலாளி ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்பா எப்படிம்மா இருக்கார்?" அவ்வளவுதான். மலையிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரேசிலில் வறட்சியால் விளைச்சல் பாதித்து, உலகச் சந்தையில் அரபிகா 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை இல்லாத விலை. மழையில் உதிர்ந்து போன பழத்தின் நஷ்டம் அதில் ஈடுகட்டியது. அதுவும் தானாக நடக்கவில்லை. டிசம்பரிலேயே ஒரு வியாபாரி வந்து மொத்தமாகக் கேட்டபோது பக்கத்துத் தோட்டத்து மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கூலிக்கு வேண்டிய அளவு மட்டும் கொடு, மிச்சத்தைக் காயவச்சு வை" என்றார். விளைந்ததை எல்லாம் காபி வாரியத்திடமே ஒப்படைக்க வேண்டியிருந்த காலத்தையும், 1990களில் அது மாறியபின் ஏறி இறங்கிய விலைகளையும் பார்த்தவர் அவர். மாமா, பல்பர் கொடுத்தது ஒரு உதவி என்றால் இது இன்னொன்று.

இந்த நாலு மாதத்தில் உனக்கு என்ன மாறியது என்று அக்கா கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஒருவரிடம் போய் உதவி என்று கேட்க எனக்கு முன்பெல்லாம் வாயே வராது. கேட்டால் அவருக்குச் சிரமம், நமக்குக் கடன் என்று தயங்குவேன். எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுச் செய்வேன், அதில் ஒரு பெருமையும் இருந்தது. அந்தச் சனிக்கிழமை ராத்திரி போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டபோது தயங்க நேரம் இருக்கவில்லை. கேட்டவர்களில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்பதால் யாரும் சிறுத்துப் போவதில்லை என்று இப்போது நம்புகிறேன். இப்போது மில்லிலும் அப்படித்தான் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் ஒரு பகுதி வேலையை ஒப்படைத்திருக்கிறேன். ஆயா எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். வியாபாரியிடம் குரல் நடுங்காமல் விலை பேசவும் வருகிறது. மழை நாளில் அழுதிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அழுதுகொண்டே வேலையும் நடந்தது.

அப்பா இப்போது கைத்தடி ஊன்றி வாசல் வரை நடக்கிறார். போன வாரம் ஜீப்பில் தோட்டத்துக்குக் கூட்டிவந்தோம். துணி கட்டியிருந்த செடிகளைப் பிடுங்கிய குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதெல்லாம் யார் கண்டுபிடிச்சா?" என்று கேட்டார். உங்கள் பெயர்களை எல்லாம் சொன்னேன். அடுத்த முறை எல்லாரையும் பார்க்க வேண்டும் என்கிறார்.

அதனால் ஒரு வேண்டுகோள். பங்குனி உத்திரம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். குழந்தைகளையும் கூட்டி வாருங்கள். இந்தப் பருவத்துக் கொட்டையில் வீட்டுக்கென்று கொஞ்சம் நிறுத்தி வைத்தோம், அதை வறுத்து அரைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொட்டலம் போட்டு வைத்திருக்கிறேன். சிக்கரி கலக்கவில்லை. வர முடியாதவர்கள் மேஸ்திரி அண்ணனிடம் வாங்கிக்கொள்ளலாம். சேலத்து நண்பர்களுக்கு அக்கா வீட்டில் கொடுத்து வைக்கிறேன். குழி தோண்டிய இடங்களில் புது நாற்று வைக்க ஜூன் மழைக்கு ஆள் வேண்டும், அதற்கு யார் யார் வர முடியும் என்று அன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்,
நாகலூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து